மாரியம்மாவுக்கு 200, மாணிக்கத்துக்கு 100

சாதியையும் ஆண் அதிகாரத்தையும் எதிர்க்கும் பெண்கள் நம் கதைகளுக்குள் தொண்ணூறுகளில்தான் வந்தார்கள் என்பார்கள். ஆனால் தேவதாசி முறையை உள்ளிருந்தே அறிந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், அதைத் தோலுரிக்கும் ‘தாசிகள் மோசவலை’ நாவலை 1936-இலேயே எழுதிவிட்டார்.

‘உழைக்கிற பெண்ணுக்கு என்ன கட்டுப்பாடு? அடக்குமுறையெல்லாம் மேல்சாதி வீட்டுக்குள்தான்’ என்பது இன்னொரு பேச்சு. பாமாவின் ‘சங்கதி’யை (1994) படித்தவர் இப்படிச் சொல்ல மாட்டார். விறகு பொறுக்கப் போன தலித் பெண் மாரியம்மா, தாகத்துக்கு பம்புசெட்டுப் பக்கம் ஒதுங்குகிறாள். நிலக்காரர் குமாரசாமி அவளைப் பிடித்து இழுக்கிறார். திமிறிக்கொண்டு தப்பி ஓடிவருகிறாள். விஷயம் வெளியே வந்தால் மானம் போகுமே என்று அவர் முந்திக்கொள்கிறார். அவளும் அவள் ஊர் இளைஞன் மாணிக்கமும் தப்பாக நடந்ததைப் பார்த்ததாக நாட்டாமையிடம் சொல்கிறார். ஊர்க்கூட்டம் கூடுகிறது. பெண்கள் வாய் திறந்தால் அதட்டல். மாரியம்மாவுக்கு அபராதம் 200 ரூபாய், மாணிக்கத்துக்கு 100. பொய் சொன்னவர் வேறு சாதி. தீர்ப்புச் சொன்னவர்களோ அவள் தெரு ஆண்கள். நிலக்காரரைப் பகைத்தால் பிழைப்புப் போகும் என்ற பயம் அந்த 200 ரூபாயில் இருக்கிறது. ஆனால் செய்யாத அதே குற்றத்துக்கு அவளுக்கு மட்டும் ஏன் இரட்டிப்பு? அதற்குச் சாதியை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது.

‘முதலில் சாதி ஒழியட்டும், பெண் பிரச்சினையைப் பிறகு பார்ப்போம்’ என்பவர்கள் ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ (1989) படிக்கலாம். நிலக்காரரால் சீரழிக்கப்பட்டு, அவர் மைத்துனர்களிடம் அடிபட்டு வரும் விதவை தங்கம், தலித் தலைவர் காத்தமுத்துவிடம் நியாயம் கேட்டு வருகிறாள். அவர் எழுதவைக்கும் புகாரில் சாதி முன்னால் நிற்கிறது, அவள் உடலுக்கு நேர்ந்தது பின்னால் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, ஏற்கெனவே இரண்டு மனைவிகள் இருக்கும் வீட்டில் தங்கத்தையும் அவரே சேர்த்துக்கொள்கிறார். இதைப் பொறுக்காமல் எதிர்த்துப் பேசுபவள் அவர் மகள் கௌரி. தன் சமூகத்தின் தலைவரையே இப்படிக் கூண்டில் ஏற்ற ஓர் எழுத்தாளருக்கு நெஞ்சுரம் வேண்டும்.

எதிர்ப்பு என்றால் கையில் அரிவாள் இருக்கவேண்டும் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. மகாசுவேதா தேவியின் வங்கச் சிறுகதை ‘திரௌபதி’யில், காவலில் கூட்டாகச் சிதைக்கப்பட்ட சந்தால் பெண் தோப்தி, நீட்டிய துணியை உடுத்த மறுத்து, அப்படியே ராணுவ அதிகாரி சேனாநாயக் முன்னால் போய் நிற்கிறாள். ஆயுதம் ஏதுமில்லாதவளைக் கண்டு அந்த அதிகாரி முதல்முறையாகப் பயப்படுகிறார். ‘சங்கதி’யின் ராக்கம்மாவிடம் இருப்பதும் உடம்பும் வாயும்தான். அடிக்க வரும் புருஷனைத் தெருவே கேட்க வசைபாடி, கடைசியில் சேலையைத் தூக்கிக் காட்டுகிறாள். அவன் இடத்தைக் காலி பண்ணுகிறான். தோப்தியை வியந்துவிட்டு ராக்கம்மாவை ஆபாசம் என்று ஒதுக்கினால், அந்தத் தெருவில் அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று சொல்லவேண்டும். இப்படிச் செய்யாவிட்டால் மண்டையைப் பிளந்திருப்பான் என்பது அவள் கணக்கு.