டாக்டரின் பெயர்

"நான் டாக்டராவேன்" என்று சொல்லாத மாணவி நம்மில் அரிது. ஆனால் நல்ல டாக்டர் என்னும் பெயர் எவ்வாறு கிடைக்கிறது? இன்று சுவரொட்டியாலும் கைப்பேசிப் படங்களாலும் பெயர் தேடுவோர் உண்டு. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளோ, நோயாளிகளைக் கவர டாக்டர்கள் விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. தொழில் தொடங்கியதையும் முகவரி மாறியதையும் பத்திரிகையில் அறிவிக்கலாம். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருத்தல் வேண்டும். ஏன் இக்கட்டுப்பாடு? மருத்துவத்தை எடைபோட நோயாளிக்குத் தெரியாது, நம்பித்தான் வருகிறார். அந்த நம்பிக்கை சந்தைப் பொருளாகிவிடக் கூடாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டையில் பிறந்த அவர், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டசபையில் இடம் பெற்று, தேவதாசி முறையை ஒழிக்க வாதாடினார். ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை இல்லம் அமைத்தார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை ஓயவிடவில்லை. அவ்வுழைப்பின் பயனாக 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்றும் அதுவே அவர் பெயரைச் சொல்கிறது.

தோழியரே! பட்டத்தைக் கல்லூரி தரும். நற்பெயரை நோயாளிகளே தருவர். ஆகவே பாடங்களோடு, பிறர் துயரைப் பொறுமையுடன் கேட்கும் பழக்கத்தையும் இன்றே கற்போமாக!