மாட வீதியில் ஒரு வேதியியல் பாடம்

பங்குனி மாதப் பிற்பகல். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் கால் வைக்க இடமில்லை. பெருவிழாவின் எட்டாம் நாள். அறுபத்து மூன்று நாயன்மார்களின் திருமேனிகள் வீதி உலா வருகின்றன. வழிநெடுகப் பந்தல்கள். ஒன்றில் நீர்மோர், அடுத்ததில் பானகம், பிறகு சுண்டல், அதற்கப்பால் தொன்னைகளில் புளியோதரையும் தயிர் சாதமும். காசு கேட்பார் யாருமில்லை. "வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று அழைப்பவர்களே அதிகம்.

மயிலையில் விழாவும் உணவும் சேர்ந்தே வருவது புதிதன்று. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தம் பூம்பாவைப் பதிகத்தில் இவ்வூர் விழாக்களை வரிசையாகச் சொல்கிறார். அங்கே தைப்பூச நாளின் நெய் கலந்த சோற்றுக்கும் ஓர் இடம் உண்டு.

நண்பர்களே! நீங்களும் அந்தக் கூட்டத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மணி நான்கு. பந்தல்களில் உள்ள உணவு காலை பத்து மணிக்குச் சமைத்தது. எதைக் கவலையின்றி வாங்கலாம்? எதை வேண்டாம் என்று சொல்லி நகரலாம்? விடை வேதியியலிலும் உயிரியலிலும் இருக்கிறது.

ஒன்று இரண்டரை லட்சமான கதை

உணவைக் கெடுப்பவை பெரும்பாலும் பாக்டீரியா போன்ற நுண்ணுயிரிகள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை அவற்றுக்கு வசதியான வெப்பநிலை. சென்னையின் பங்குனி வெயில் இதன் நடுவே வருகிறது! நல்ல சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். 6 மணி நேரத்தில் 18 முறை. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒன்று 2,62,144 ஆகிவிடும்.

"சோற்றைத்தான் கொதிக்க வைத்தோமே, எல்லாம் செத்திருக்காதா?" என்று கேட்பீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அரிசியில் சாதாரணமாகக் காணப்படுவது. அது ஸ்போர் எனப்படும் உறக்க நிலையில், தடித்த உறைக்குள் இருக்கும். கொதிநீரிலும் ஸ்போர்கள் பிழைத்துக்கொள்ளும். சோறு ஆறியதும் விழித்துப் பெருகும். சில வகைகள் வாந்தியை உண்டாக்கும் நஞ்சையும் சுரக்கும். அந்த நஞ்சு, சோற்றை மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. எனவே, "சுட வைத்துவிட்டோம், பயமில்லை" என்பது தவறான ஆறுதல்.

புளியோதரை எப்படித் தாங்குகிறது?

வெறும் சோறு கெடும் நேரத்தில் புளியோதரை மட்டும் நன்றாக இருப்பது ஏன்? புளியில் டார்டாரிக் அமிலம் நிறைய உள்ளது. பெரும்பாலான நச்சுப் பாக்டீரியாக்கள் அமிலச் சூழலில் பெருகத் திணறும். புளிக்கரைசலைக் கெட்டியாகும் வரை காய்ச்சுவதால் நீர் வற்றுகிறது. உப்பு எஞ்சிய நீரையும் பிடித்துக்கொள்கிறது. நீர் கிடைக்காத இடத்தில் நுண்ணுயிரி வளராது. இதனால்தான் புளிக்காய்ச்சலைத் தனியே பல நாள் வைத்திருக்க முடிகிறது.

நல்லெண்ணெயின் வேலை வேறு. அது கிருமிகளைக் கொல்வதில்லை. சோறு ஒட்டாமல் உதிரியாகி, ஒவ்வொரு பருக்கையிலும் புளிக்காய்ச்சல் படிய உதவுகிறது. எண்ணெயிலுள்ள செசமால் போன்ற பொருள்கள் அது சிக்கு வாடை அடிப்பதையும் தாமதப்படுத்தும். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெய் விட்டு, ஆறவைத்துக் கலக்கும் பாட்டியின் முறையில் இவ்வளவு அறிவியல்! சரியாகக் கலக்காமல் உள்ளே வெள்ளைக் கட்டிகள் இருந்தால், அந்தக் கட்டிகளுக்குப் பாதுகாப்பு இல்லை.

தயிர் சாதத்தில் காவல் காப்பவை பாக்டீரியாக்களே. அவை பாலிலுள்ள லாக்டோசை லாக்டிக் அமிலமாக்கி, மற்றக் கிருமிகளைத் தடுக்கின்றன. நேரமாக ஆகப் புளிப்பு ஏறுவதும் இதனால்தான்.

சுண்டலின் நிலை வேறு. அதில் ஈரம் உண்டு, புரதம் உண்டு, தேங்காய்த் துருவலும் உண்டு, அமிலம்தான் இல்லை. காலைச் சுண்டல் மாலையில் ஊசிப்போவதன் காரணம் இதுவே. சுண்டலைச் சூடாக, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உண்பதே நல்லது.

நீர்மோரில் உள்ள நீர்

ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நம்மைக் குளிர்விக்கும் ஏற்பாடு இதுதான். ஆனால் நீரோடு உப்பும் வெளியேறுகிறது. உப்புப் போட்ட நீர்மோர் இரண்டையும் ஈடு செய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தயிரில் நிறைய நீர் விட்டதும் அமிலத்தின் வலிமை குறைந்துவிடும். அசுத்த நீரிலுள்ள கிருமிகளை அந்த மோர் கொல்லாது. பனிக்கட்டியும் கொல்லாது, குளிர் அவற்றை உறங்க வைக்கும், அவ்வளவே. எனவே, "மோருக்கு எந்தத் தண்ணீர் விட்டீர்கள், மாமா?" என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை. கொதித்து ஆறிய நீர் என்றால் இரண்டு டம்ளராகவே குடியுங்கள்!

செய்து பாருங்கள்

செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றை மூன்று கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் புளிக்கரைசல், இரண்டாவதில் மோரின் தெளிந்த நீர், மூன்றாவதில் சுண்டல் வேகவைத்த நீர் ஆகியவற்றைச் சில சொட்டு விடுங்கள். அமிலம் மிகுந்த கிண்ணம் நன்கு சிவக்கும். மூன்று நிறங்களையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வெறும் சோறு, தயிர் கலந்த சோறு, புளிக்காய்ச்சல் கலந்த சோறு ஆகியவற்றை மூன்று கிண்ணங்களில் மூடி ஒரு நாள் வையுங்கள். ஆறு மணிக்கு ஒரு முறை பார்த்து, பிசுபிசுப்பையும் வாடையையும் எழுதுங்கள். எதையும் சுவைக்கக் கூடாது! நஞ்சு சேர்ந்த சோறு சில வேளை நல்ல மணத்துடனேயே இருக்கும். நாவை நம்புவதைவிடக் கடிகாரத்தை நம்புவது மேல்.

கடைசியாக ஒரு கேள்வி. பந்தலில் பரிமாறுபவர் நீங்கள். பானையில் புளியோதரை நன்றாகவே இருக்கிறது. அதைக் கழுவாத கையால் அள்ளிப் போட்டால் என்ன ஆகும்? புளி அந்தக் கைக்கும் காவல் நிற்குமா? யோசித்து விடை எழுதுங்கள். அடுத்த பங்குனியில் கரண்டியை எடுக்கப்போவது நீங்களாகவும் இருக்கலாம்.