திறந்திருக்கும் சாளரங்கள்

நுழையும்முன்

மேசைமீது நூல்களைப் பரப்பிவைத்துப் படித்த காலம் உண்டு. இன்று அம்மேசை கணினித்திரைக்குள் குடிபுகுந்துவிட்டது. நூல்கள் சாளரங்களாயின, பக்கங்கள் தாவல்களாயின. ஆயினும் எதை விரிப்பது, எதை அருகில் வைப்பது, எதை மூடுவது என்னும் கேள்வி மாறவில்லை. திரையை ஒழுங்குபடுத்துவது வெறும் தூய்மைப்பணி அன்று. அது சிந்தனையை ஒழுங்குபடுத்தும் பயிற்சி என்பதை இப்பாடம் உணர்த்துகிறது.

ஒரு மாலைப்பொழுது

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர், தம் ஊர் ஏரியைப் பற்றிக் கட்டுரை எழுத அமர்கிறார் எனக் கொள்வோம். சொற்பொருள் காண இணைய அகராதியைத் திறக்கிறார். இலக்கியச் சான்று தேடித் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்குச் செல்கிறார். ஏரியின் பரப்பை அறிய நிலப்படம், அதன் இன்றைய நிலையை அறியச் செய்திகள், இடையே தோழி அனுப்பிய காணொலி என ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போகிறார். ஒரு மணி நேரத்தில் முப்பது தாவல்கள் சேர்ந்துவிடுகின்றன. இடம் போதாமையால் தலைப்புகள் மறைந்து, சின்னஞ்சிறு குறிகளே எஞ்சுகின்றன. நெருக்கடியைக் குறைக்கச் சிலவற்றை விரைந்து மூடுகிறார். அவற்றுள் ஒன்று, அவர் கட்டுரையைத் தட்டச்சு செய்துவந்த இணையப் படிவம்! சேமிக்காத மூன்று பத்திகளும் அதனோடு மறைந்தன.

இதனை அவருடைய கவனக்குறைவு என்று மட்டும் கூறிவிட முடியுமா? முடியாது. முப்பதும் ஒன்றுபோலத் தோன்றுமிடத்தில், முதன்மையானது எது என்பதைக் கண்ணால் அறிய வழியில்லை. குறை, அடுக்கிய முறையில் இருக்கிறது.

சாளரம் வளர்ந்த கதை

1968 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் ஒரு செயல்விளக்கம் அளித்தார். கணினிச் சுட்டியையும், திரையைப் பகுதிகளாகப் பிரித்துப் பயன்படுத்தும் முறையையும் அவர் அதில் காட்டினார். பின்னர் 1970களில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில், மேசைமேல் கிடக்கும் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று படியும் சாளரங்கள் உருவாயின. 1985இல் வெளிவந்த விண்டோஸ் முதற்பதிப்பில் செயலிகளின் சாளரங்கள் பக்கம்பக்கமாகவே நின்றன. 1987இல் வந்த இரண்டாம் பதிப்பே அவை ஒன்றன்மேல் ஒன்று படிய இடம் தந்தது. 1995இல், திறந்துள்ளவற்றைத் திரையின் அடியில் வரிசையாகக் காட்டும் பணிப்பட்டை வந்தது. பின்னர் ஒரே சாளரத்துள் பல பக்கங்களை அடக்கும் தாவல் முறை உலாவிகளில் பரவியது.

சாளரங்கள் படிந்து நிற்பதால் சிறிய திரையில் பெரும்பணி நிகழ்கிறது. ஆனால், அடியில் மறைவது மனத்திலிருந்தும் மறைகிறது. வசதி வளருந்தோறும் ஒழுங்கின் தேவையும் வளர்கிறது.

இரு நினைவகங்கள்

திறந்திருக்கும் ஒவ்வொரு செயலியும் தாவலும் கணினியின் முதன்மை நினைவகத்தில் இடம்பெறுகிறது. அந்த இடம் நிரம்பும்போது, கணினி சில தரவுகளை வட்டிற்கு மாற்றிவைத்து, வேண்டும்போது மீட்டெடுக்கிறது. வட்டு நினைவகத்தைவிட மெதுவானது. ஆகவே கணினி தளர்கிறது.

மனித மனத்திற்கும் எல்லை உண்டு. ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தக்கூடியவை ஏறத்தாழ ஏழு என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். பின்னர், 2001இல் நெல்சன் கோவன் அவ்வெண்ணிக்கையை ஏறத்தாழ நான்காகக் குறைத்து மதிப்பிட்டார். ஒரு பணியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது முந்தைய பணியின் எச்சம் மனத்தில் தங்கி, புதிய பணிக்குரிய கவனத்தைக் குறைக்கிறது என்பதைச் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கணினிக்கு நினைவகத்தைக் கூட்டலாம். மனத்திற்கு அவ்வாறு கூட்ட இயலாது.

ஒழுங்கின் படிகள்

முதற்படி, பிரித்தல். கட்டுரைக்குரியவை ஒரு சாளரம். பிற அனைத்தும் வேறொரு சாளரம். விண்டோஸ் விசையையும் தத்தல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திறந்துள்ள சாளரங்கள் அனைத்தும் தோன்றும். விண்டோஸ் 10 முதலாக, அங்கேயே புதிய திரைமுகப்பையும் உருவாக்கிக்கொள்ளலாம்.

இரண்டாம்படி, இணைத்தல். எழுதும் ஆவணத்தையும் அதற்குரிய சான்றையும் அருகருகே வைத்தல் நன்று. விண்டோஸ் விசையோடு இடது அல்லது வலது அம்புக்குறி விசையை அழுத்தினால் சாளரம் பாதித்திரையில் பொருந்தும்.

மூன்றாம்படி, பாதுகாத்தல். எழுதுவதைக் கணினி ஆவணமாக எழுதி அவ்வப்போது சேமிக்க வேண்டும். கன்ட்ரோல் விசையோடு எஸ் விசையை அழுத்த ஒரு நொடி போதும். பின்னர்ப் படிக்க வேண்டிய பக்கத்தைத் திறந்தே வைக்காமல், பொருள்வாரியான கோப்புறையில் புத்தகக்குறியாகச் சேர்க்கலாம்.

நான்காம்படி, மூடுதல். பலரும் தயங்குவது இங்கேதான். "பின்னர்ப் படிப்போம்" என்று திறந்துவைத்த பக்கங்களுட் பல, படிக்கப்படாமலே கிடக்கின்றன. தவறுதலாக மூடிய தாவலைக் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி ஆகிய மூன்று விசைகளால் உலாவியில் மீண்டும் திறக்கலாம். ஆனால், பக்கம் மீண்டாலும் அதில் சேமிக்காமல் எழுதியது மீளும் என்னும் உறுதி இல்லை. எனவே, காத்தபின் மூடுக.

தெரிந்து தெளிவோம்

சாளரத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் ஒன்று 'காலதர்'. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. விண்டோ என்னும் ஆங்கிலச் சொல்லும், 'காற்றின் கண்' எனப் பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது.

நிறைவாக

அந்த மாணவி மறுநாள் மீண்டும் அமர்கிறார். இம்முறை ஒரு பக்கம் ஆவணம். மறுபக்கம் ஒரே ஒரு சான்று. படித்து, குறிப்பெடுத்து, மூடியபின் அடுத்ததைத் திறக்கிறார். இழந்த மூன்று பத்திகளை அவர் மீண்டும் எழுதத்தான் வேண்டும்; ஆனால், எங்கே எழுதுகிறோம் என்னும் தெளிவு இப்போது அவருக்கு இருக்கிறது. காற்று வர ஒரு சாளரம் போதும். எல்லாச் சாளரங்களையும் ஒருசேரத் திறந்துவைத்தால் மேசைத் தாள்கள் பறந்துவிடும். எதைத் திறப்பது என்பதைக் கணினி முடிவு செய்வதில்லை. நாமே முடிவு செய்கிறோம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் கணினியில் திறந்துள்ள தாவல்களைப் பட்டியலிட்டு, 'இப்போது தேவை', 'பின்னர்த் தேவை', 'தேவையில்லை' என வகைப்படுத்துக.
2. "மறைவது மறக்கப்படும்" என்னும் கருத்தை உங்கள் படிப்பறை மேசையோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.