கடப்பாவும் கடப்பாரையும்

பிரேசர் டவுன்,
பெங்களூரு.

அன்புள்ள வாசகருக்கு,

“சமையல் மேடைக்குப் போட்டது கடப்பாக் கல், தென்னங்கன்றுக்குக் குழி தோண்டியது கடப்பாறை. இரண்டும் ஒரே ஊர்ச் சரக்கா?” என்று கேட்டிருந்தீர்கள். கல் அந்த ஊர்ச் சரக்குதான். பாரை இல்லை.

பலகையில் புலிகேசி நகர் என்று எழுதினாலும் பிரேசர் டவுன் என்றே சொல்லும் பேட்டை எங்களுடையது. இங்கே ஒன்றுக்கு ஒரு பெயர் போதாது. போன வாரம் எங்கள் தெருவில் குழாய் பதிக்க நடைபாதையைப் பெயர்த்தார்கள். ஒரே கம்பி மூன்று பேரிடம் கை மாறியது. துமகூருக்காரர் ‘ஹாரெ’ என்றார். அனந்தபுரத்துக்காரர் ‘கட்டபார’ என்றார், ககரத்தையும் டகரத்தையும் மென்மையாக ஒலித்து. தருமபுரித் தம்பி ‘கடப்பாரை’ என்றான். உங்களுக்கான பதில் அந்தக் குழியோரத்திலேயே கிடந்தது.

மூலச்சொல் வெறும் ‘பாரை’. தமிழில் குழி தோண்டும் இரும்புக் கம்பிக்கும் புல் செதுக்கும் சிறு கருவிக்கும் அதுதான் பெயர். பழங்கன்னடத்துப் பகரம் பிற்பாடு ஹகரமானது: பால் ஹாலு, பல் ஹல்லு, பாரை ஹாரெ. தெலுங்கில் ‘பார’ என்றால் மண்வெட்டி. மலையாளத்தில் கம்பிப்பார, அங்கே ஒருவனுக்குப் ‘பார வைத்தான்’ என்றால் அவனுக்குக் குழி பறித்தான் என்று அர்த்தம்.

சரி, முன்னால் நிற்கும் ‘கட’? தெலுங்கில் ‘கட்ட’ என்றால் கட்டி. மண்கட்டியைப் பெயர்க்கும் பார, கட்டபார. அது தமிழுக்கு வந்து கடப்பாரை ஆயிற்று. கடப்பா ஊரின் பெயரோ ‘கடப’, அதாவது வாசற்படி. திருமலைக்குப் போகிறவர்களுக்கு அது வாசற்படி என்பது அந்தப் பக்கத்தார் சொல்லும் விளக்கம். ஒலி ஒன்றுபோல் இருக்கிறதே தவிர, வேர் வேறு.

நீங்கள் எழுதியிருந்தது ‘கடப்பாறை’. நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறோம். பாறையை உடைக்கிற கம்பி என்பதால் வல்லின றகரம் தானாக வந்து விழுகிறது. அடி வாங்குகிறவன் பெயர் அடிக்கிறவனுக்கு ஒட்டிக்கொண்டது.

யாழ்ப்பாணத்தில் போய்க் கேட்டால் இதே கம்பி ‘அலவாங்கு’. போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் நெம்புகோல்.

ஒரே கடிதத்தில் கடப்பாரையை விழுங்க வைத்துவிட்டேன். சுக்குக் கஷாயம் உங்கள் பாடு.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்