உப்புக்கு மாற்று எது?

மாணவர்களே! ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளுக்கு வரும் பச்சைத் தோலில் உப்பு தடவியிருப்பது ஏன்? உப்பு ஈரத்தை இழுத்துவிடும், பாக்டீரியாக்கள் பெருகா, தோல் அழுகாது. ஆனால் தோலைக் கழுவும்போது உப்பு கழிவுநீரில் கரைகிறது. வடிகட்டினாலும் அது பிரியாது. பாலாற்றங்கரைக் கிணறுகள் உவர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அழுகாமல் காக்கும் வழிக்கு முன்பே ஒரு பரிசு கிடைத்திருக்கிறது. நிக்கோலா அப்பேர் உணவைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் கொதிநீரில் சூடேற்றினார். செய்முறையை வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு பிரெஞ்சு அரசு 1810-இல் அவருக்கு 12,000 பிராங்க் அளித்தது. ஒருவர் அறிந்தது அனைவருக்கும் பொதுவாயிற்று.

கொதிநீரில் தோல் சுருங்கிவிடும். வேறு வழி வேண்டும். பள்ளி மாணவர்களுக்கென்றே கண்டுபிடிப்புப் பரிசு ஒன்றை சி.எஸ்.ஐ.ஆர். 2002-இல் அறிவித்தது. பரிசுக்கு ஏற்ற கேள்வி இதோ: உப்பின்றி, மலிவாக, நீரைக் கெடுக்காமல் பச்சைத் தோலை இரண்டு வாரம் காப்பது எப்படி? சிந்தியுங்கள்!