புல்தரை வழக்கு

கனடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தில், மாண்ட்ரியல் மாநகருக்கு மேற்கே, ஹட்சன் என்னும் சிற்றூர் ஒன்றுளது. ஏறக்குறைய ஐயாயிரம் மக்களே வாழ்ந்த அவ்வூரின் நகரசபை இயற்றிய ஒரு விதி, அத்தேசத்தின் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்ற வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அந்நாட்டார் பலர் வீட்டு முன்றிலிற் புல்தரை வளர்ப்பர். அதனிடையே மஞ்சட்பூப் பூக்கும் டான்டிலையன் என்னும் பூண்டு முளைத்தல் அழகுக்குக் குறையென எண்ணி, 2,4-டி முதலிய மருந்துகளைத் தெளித்து வந்தனர். (அப்பூண்டின் இலையைக் கீரையாய்ச் சமைத்துண்பாரும் மேனாடுகளிலே உளர் என்பது வேறு செய்தி!) இம்மருந்து செடியின் வளர்ச்சிச் சத்தைப்போல் நடித்து, அகன்ற இலைப் பூண்டுகளைத் தாறுமாறாய் வளரச் செய்து மாய்க்கும், புல்லையோ அங்ஙனம் வருத்தாது. ஆயினும் ஒருவர் தோட்டத்துத் தெளித்தது அங்கேயே நிற்குமோ? காற்றுக்கு வேலி ஏது? ஜூன் இர்வின் என்னும் சரும வைத்திய அம்மையார் நகரசபைக் கூட்டந்தோறும் சென்று இதனை விடாது எடுத்துரைத்து வந்தார்.

1991-ம் ஆண்டிற் சபையார் 270-ம் இலக்க உபவிதியை நிறைவேற்றினர். அது மருந்தை முற்றும் விலக்கியதன்று. பயிர்த்தொழிலுக்கும், மனிதர்க்குத் தீங்கிழைக்கும் பூச்சிகளை ஒழித்தற்கும் இடந்தந்து, வெறும் அழகின் பொருட்டுத் தெளித்தலையே தடுத்தது. மறு ஆண்டில் அதனை மீறிய குற்றஞ் சாட்டப்பெற்ற இரு கம்பெனியார், “எம் மருந்துகள் மத்திய அரசாங்கத்தாற் பதிவு பெற்றவை, எமக்கு மாகாண அரசாங்கத்தின் லைசென்ஸும் உண்டு, மேலோர் அனுமதித்ததைச் சிற்றூர் தடுக்கலாமோ?” என வழக்காடினர். கீழ்க்கோர்ட்டுகள் இரண்டிலும் தோற்று, உச்ச நீதிமன்றத்தை அடைந்தனர்.

வழக்கின் உயிர்நிலை இக்கேள்வியே. ஒரு பொருளை விற்கலாம், வாங்கலாம் என்பது அனுமதி, கட்டளையன்று. எனவே கடுமையான உபவிதிக்கு அடங்கி நடப்பவன் மேற்சட்டங்களுள் எதனையும் மீறினவனாகான். இரண்டிற்கும் ஒருங்கே கீழ்ப்படிதல் இயலுமாயின் அங்கு முரண்பாடு இல்லை என நீதிபதிகள் கண்டனர். ஊராரின் சுகாதாரத்துக்கும் பொது நலத்துக்கும் விதி செய்யும் அதிகாரத்தை மாகாணச் சட்டமே நகரசபைக்கு அளித்திருந்தது. 2001-ம் ஆண்டு ஜூன் 28-ல் எழுவரும் ஒருமுகமாய்ச் சபையின் பக்கமே தீர்ப்பளித்தனர். பெரும்பான்மைத் தீர்ப்பை வரைந்த லூரூ-டுபே அம்மையார், குடிகட்கு அண்மையிலுள்ள சபையே அவர்தம் குறையை நன்குணரும் என்னும் கருத்தையும், பெருந்தீங்கு நேரக்கூடிய இடத்துப் பூரண நிரூபணம் கிட்டும்வரை வாளாவிருத்தல் வேண்டா என்னும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் எடுத்தாண்டார்.

இதனால் அம்மருந்து நஞ்சென நீதிமன்றம் நிரூபித்துவிட்டதாக எண்ணற்க. அஃது அதன் வேலையன்று. உணவுக்காகத் துணியும் அபாயமும் ஒப்பனைக்காகத் துணியும் அபாயமும் ஒன்றல்லவென்று பிரித்தறிய ஓர் ஊருக்கு உரிமையுண்டு என்றதே தீர்ப்பு. யானும் இதனை நேரிதென்றே கருதுகின்றேன். அயலான் புல்லின் அழகுக்காக என் குழந்தை ஏன் அம்மருந்தைச் சுவாசித்தல் வேண்டும்?

கியூபெக் மாகாணம் 2003-லும், ஒண்டேரியோ மாகாணம் 2009-லும் இவ்வகைத் தடையைத் தத்தம் எல்லை முழுதும் பரப்பின.