நகல் இருந்தால் போதுமா?

சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்ட அலுவலகமொன்றின் கூலிக் கணக்கும் விற்பனைப் பதிவும், ஒரே சர்வரில் இயங்கும் மெய்நிகர் கணினிகளில் இருப்பதாகக் கொள்வோம். இரவுதோறும் காப்பு நகல் எடுக்கப்படுகிறது என்ற நம்பிக்கையில் நாம் கவலையற்றிருப்போம்.

இத்தகைய நம்பிக்கை பெரிய நிறுவனத்தையும் ஏமாற்றியதுண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் மென்பொருள் நிறுவனத்தின் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. அன்றாட நகலெடுப்பு முன்பே தோல்வியுற்றிருந்தது; அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களை எட்டவில்லை. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் எடுத்த வேறொரு பிரதியே கைகொடுத்தது. இடைப்பட்ட பதிவுகள் திரும்பவில்லை.

ஆகவே, எச்சரிக்கை வரட்டும் என்று காத்திராமல், நகலின் தேதியையும் அளவையும் நாள்தோறும் நாமே பார்ப்போம். ஒரு நகலை வேறிடத்தில் வைப்போம். மாதமொருமுறை, இணைப்பிலிருந்து துண்டித்த தனி மெய்நிகர் கணினியில் நகலை மீட்டு, கடைசி நாள் கணக்கைத் திறந்து சரிபார்ப்போம்.